பதினொன்றே முக்காலுக்கு வந்த தண்ணீர்

ஆணையரின் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன. நீலம் நகராட்சியுடையது, கோப்பில் மட்டும்தான் எழுதும். கறுப்பு அவருடைய சொந்தப் பேனா. வீட்டுக் கடிதம், கடைச் சீட்டு எல்லாம் அதில்தான். நகராட்சி மையில் மளிகைச் சீட்டு எழுதினால் அதுவும் திருட்டுதான் என்பது அவர் கொள்கை. அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தராசு'. யாரும் அதை அவர் காதுபடச் சொன்னதில்லை.

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். பால் குடிக்கிற பூனைகளெல்லாம் இந்த முகத்தோடுதான் வரும் என்பது ஸ்பீக்கரின் அனுபவம்.

ஸ்பீக்கர் என்பது அவன் வாய்க்காகக் கிடைத்த பட்டம். பக்கத்து நாற்காலியில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருந்தவர் அவனுடைய அண்ணி. இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறிய ஆரம்பித்தவர். எல்லோருக்கும் அவர் இன்னமும் 'செக்கர்'தான்.

"மணி பத்து. நாலு மணிக்கு சபை கூடுது" என்றார் ஆணையர். "அந்தத் தட்டச்சரை வேலையிலேர்ந்து நீக்குற தீர்மானம்தான் முதல் விஷயம். அதுக்குள்ள உங்களால ஏதாவது சொல்ல முடியுமா?"

விஷயம் இதுதான். தெரு முனையில் இருக்கும் 'மூலைக்கடை' என்ற சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு, போன மாதம் பயிற்சி விடுதியில் முப்பத்திரண்டு பேர் படுத்துவிட்டார்கள். இரண்டு பேர் இன்னும் ஆஸ்பத்திரியில். நகராட்சி திடீர்ச் சோதனை போட்டது. போனால், சமையலறைத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு சுத்தம். ஒரு வருஷத்தில் நாலு சோதனை, நாலும் இதே கதை. மற்ற கடைகளெல்லாம் கையும் களவுமாக மாட்டும்போது மூலைக்கடை மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்பித்தது. முதல் நாள் சாயங்காலம் நாலரைக்கு உத்தரவைத் தட்டச்சு செய்கிறவள் ஒரே ஒருத்தி. அவளுடைய அக்கா புருஷன் மூலைக்கடையில் சமையல்காரர்.

"சந்தேகப்பட வேற ஆள் எதுக்கு?" என்றான் ஸ்பீக்கர்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா ஆபீஸ் ஆளே ஆபீஸ் ஆளை விசாரிச்சா ஒரு பக்கம் சாஞ்சிடும். அதனாலதான் வெளியாள் உங்களைக் கூப்பிட்டேன்."

செக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவங்க விளக்கம் என்ன குடுத்திருக்காங்க?"

ஆணையர் மேஜையில் இருந்த அரக்கு முத்திரை வைத்த உறையைக் காட்டினார். "இதோ. நான் பிரிக்கல. குற்றம் சாட்டுறவன் நான். விளக்கத்தை சபைதான் பிரிக்கணும்."

"விதியிலே அப்படி இருக்கா?"

"இல்ல. நான் வச்சுக்கிட்ட விதி."

செக்கர் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயா, ஒரு காரியம் பண்ணுங்க. நாளைக்குக் காலையில மூலைக்கடையில மறுபடி சோதனை. இப்பவே முடிவு பண்ணிக்குங்க. ஆனா எதுலயும் எழுதாதீங்க. சுகாதார ஆய்வாளர்கிட்டகூட மூச்சு விடாதீங்க. நாங்க மத்தியானம் வரோம்."

"நாளைக்கா? சரி. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

வெளியே நடைவழியில் ஒரு மர பெஞ்சு. அதில் தட்டச்சர் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒன்பது நாளாக அவளுக்கு இதுதான் இடம். அலுவலகத்துக்கு வரவேண்டும், உள்ளே போகக் கூடாது, போனைத் தொடக் கூடாது. எதிரே காவலாளி கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்கர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ சொன்னியாம்மா?"

"இல்லம்மா."

"யார் சொன்னாங்கன்னு தெரியுமா?"

அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். கண் ஒரு தடவை ஆணையர் அறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. "எனக்கு இந்த வேலை போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாதும்மா. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றாள்.

படியிறங்கும்போது ஸ்பீக்கர் கிசுகிசுத்தான். "அண்ணி, அவ எதையோ முழுங்குறா. முழுப் பூசணிக்காயும் தொண்டையிலேயே நிக்குது."

"முழுங்குறது தெரியுது. யாருக்காக முழுங்குறான்னுதான் தெரியல" என்றார் செக்கர்.

மூலைக்கடைக்குப் பக்கத்தில், இரண்டு படி தாழ்வாக, ஒரு செருப்புத் தைக்கும் கடை. வேவு பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. உட்காரக் காரணம் வேண்டுமே என்று செக்கர் தன் கொழுந்தனின் செருப்பைப் பார்த்தார். ஸ்பீக்கர் பெருமூச்சு விட்டு, நன்றாக இருந்த வாரைத் தானே பிய்த்துக் கொடுத்தான்.

"நல்ல செருப்பைப் பிச்சுத் தைக்கக் குடுக்குற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்" என்றார் செருப்புக்கடைக்காரர்.

"எங்க குடும்பமே அப்படிங்க. சும்மா இருக்குற சங்கை ஊதிக் கெடுக்குறதுதான் எங்க தொழில்."

மணி பத்தரை. மூலைக்கடை வாசலில் ஈ மொய்த்த வாளி ஒன்று நின்றது. கல்லாவில் முதலாளி, எப்போதும் சிரித்த முகம், பல் குத்திக்கொண்டிருந்தார். பதினொன்று ஆயிற்று. அதே வாளி, அதே ஈ. ஸ்பீக்கருக்குக் கொட்டாவி வந்தது. "அண்ணி, இன்னிக்கு உத்தரவு பேப்பர்லயே இல்ல. ஆணையர் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. மண்டைக்குள்ள இருக்குறது மூலைக்கடைக்கு எப்படித் தெரியும்? நாம வீணா உட்கார்ந்திருக்கோம்."

"டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாதுடா. நான் பஸ்ல ஏறினதும் எவன் எந்த ஸ்டாப்புல அவசரமா எழுந்திரிக்கிறான்னுதான் பார்ப்பேன். நேரத்தைப் பார்த்துக்கிட்டே இரு."

பதினொன்றே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது.

முதலில் ஒரு ஓடை மாதிரி, பிறகு சோப்பு நுரையோடு. மூலைக்கடைப் பின்கட்டிலிருந்து சந்து வழியாக இறங்கி, இரண்டு படியும் தாண்டி, செருப்புக்கடைக்குள் நுழைந்தது. ஸ்பீக்கர் காலைத் தூக்கிக்கொண்டான். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம், தரை தேய்க்கும் சத்தம். முதலாளி யாரையோ விரட்டினார்: "அந்த மூலையைத் தேய்! அலமாரிக்குப் பின்னாடி தேய்!" ஈ மொய்த்த வாளி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"பாருங்க!" செருப்புக்கடைக்காரர் தோல் துண்டுகளை வாரி மேலே எறிந்தார். "ஒரு வருஷத்துல இது அஞ்சாவது தடவை. மத்த நாளெல்லாம் அந்தத் தரையில ஒரு சொட்டுத் தண்ணி விழாது. திடீர்னு ஒரு நாள் புத்தி வந்து கழுவ ஆரம்பிச்சிடுவாங்க. கழுவுறது அவங்க, நனையுறது என் தோலு. ஒவ்வொரு தடவையும் நான் கையோட போய் நகராட்சியில புகார் குடுத்துட்டுத்தான் வரேன். என்ன பிரயோஜனம்?"

செக்கர் எழுந்து நின்றுவிட்டார். "புகார் குடுத்ததுக்கு சீட்டு வச்சிருக்கீங்களா?"

ஆணி டப்பாவுக்கு அடியிலிருந்து நாலு சீட்டு வந்தது. நகராட்சி முத்திரை, தேதி, நேரம், எல்லாம் பளிச்சென்று. செக்கர் தன் குறிப்பேட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். நாலு புகாரும் நாலு சோதனைகளுக்கு முதல் நாள். நேரம் எல்லாம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில்.

ஸ்பீக்கர் துள்ளி எழுந்தான். "அவ டைப் அடிச்சது சாயங்காலம் நாலரை! மத்தியானமே இங்க கழுவி முடிச்சிருக்கான்! அண்ணி, அவளுக்கு விஷயம் தெரியறதுக்கு முன்னாடியே மூலைக்கடைக்குத் தெரிஞ்சிருக்கு!"

"மெதுவா பேசு."

"இன்னிக்கு நாம சொன்னது ஒரே ஒருத்தர்கிட்ட." அவன் குரல் தானாகவே இறங்கியது. "ரெண்டு பேனா வச்சிருக்கிறவர்கிட்ட. வேலியே பயிரை மேயுது அண்ணி. தப்பிக்க ஒரு பொம்பளையைப் பலி குடுக்கிறான்."

செக்கர் நாலு சீட்டையும் கேட்டு வாங்கிக் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டார். "வா, சாப்பிடலாம்" என்றார்.

"அங்கயா? முப்பத்திரண்டு பேர்..."

"இன்னிக்குத்தானே கழுவியிருக்காங்க? இந்த ஊர்லயே இப்போ சுத்தமான இடம் அதுதான்."

மூலைக்கடையில் ஈரத்தரை வழுக்கியது. முதலாளி கல்லாவை விட்டே எழுந்து வந்து சிரித்தார். செக்கர் சமையலறைக் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். கதவின் மேல் ஒரு கரும்பலகை தொங்கியது. 'நாளை' என்று தலைப்பு. கீழே, மதியச் சாப்பாடு அனுப்ப வேண்டிய இடங்கள். வங்கி ஆறு, பல் டாக்டர் ஒன்று, தபால் நிலையம் பூஜ்யம், அச்சகம் நாலு, ஆணையர் பூஜ்யம். அந்தக் கடைசிப் பூஜ்யத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு சாக்பீஸில் வட்டம் போட்டிருந்தது.

"தராசும் இங்கதான் சாப்பிடுறாரா?" ஸ்பீக்கர் வாய்க்குள் முணுமுணுத்தான். "இப்ப புரியுது. தினமும் டப்பா வரும். டப்பாவோட வேற என்னென்ன வருதோ! நாளைக்கு லீவு போட்டுட்டு ஓடப் போறாரு போல."

செக்கர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "ஏங்க, ஆணையர் சாப்பாட்டுக்கு ஒழுங்கா காசு குடுக்குறாரா?"

"அவரா? மாசம் பொறந்தா முதல் ஆள் அவர்தாங்க. ஒரு நாள் முதலாளி ஆசையா ஒரு இனிப்பு கூட வச்சு அனுப்பினாரு. அதுக்குத் தனியா சீட்டு கேட்டு திருப்பி அனுப்பிட்டாரு."

செக்கர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். அவர் முகத்தில் ஏறியது கோபம் என்று ஸ்பீக்கர் நினைத்தான். பிறகு உற்றுப் பார்த்தான். அது வருத்தம் மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு மறுபடி ஆணையர் அறை. மேஜையில் வேலைநீக்கத் தீர்மானம் தயாராக இருந்தது. அடியில் நீல மையில் கையெழுத்து. ஸ்பீக்கர் கதவைச் சாத்திவிட்டு வந்து பொரிந்து தள்ளினான்.

"ஐயா, பதினொன்றே முக்காலுக்குத் தண்ணி வந்துடுச்சு. மூலைக்கடையில கழுவிட்டாங்க. நாளைக்குச் சோதனைன்னு தெரிஞ்சது மூணே பேருக்கு. நாங்க ரெண்டு பேரு, அப்புறம் நீங்க. எத்தனை நாளா நடக்குது இந்த ஏற்பாடு?"

ஆணையர் எழுந்தார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "என்னய்யா சொல்ற? என் உயிரே போனாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்! காலையிலேர்ந்து இந்த அறையை விட்டு வெளியே போகல. யாரும் உள்ளயும் வரல!"

"போன்?"

"நகராட்சி போனை இன்னிக்குத் தொடவே இல்ல!"

"சொந்த போன்?" என்றார் செக்கர்.

ஆணையர் திரும்பினார். "அது... அது சொந்த விஷயம்."

ஸ்பீக்கர் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தான். மாட்டிக்கிட்டாருடா பூனை. ஆனால் செக்கர் கேட்ட கேள்வி அவன் எதிர்பார்த்தது இல்லை.

"ஐயா, நாளைக்கு மத்தியானம் என்ன சாப்பிடப் போறீங்க?"

"என்ன கேள்வி இது? வீட்டுச் சாப்பாடு."

"ஏன்? தினமும் மூலைக்கடைதானே?"

"நாளைக்கு எப்படிங்க அங்க சாப்பிட முடியும்?" ஆணையரின் குரலில் பெருமிதம் வந்துவிட்டது. "நான் சோதனை போடுற அன்னிக்கு அந்தக் கடைச் சோத்தை நானே சாப்பிட்டா அது முறையா? அதிகாரி ஒரு கடையைச் சோதிக்கிற நாள்ல அந்தக் கடையோட எந்தத் தொடர்பும் வச்சுக்கக் கூடாது. இதை நான் பதினஞ்சு வருஷமா கடைப்பிடிக்கிறேன்."

"ரொம்ப நல்லது. அதை அவங்களுக்கு எப்ப சொல்வீங்க?"

"முடிவு பண்ணின அன்னிக்கே சொல்லிடுவேன். அவங்க மத்தியானத்துக்குள்ள மறுநாளைக்குச் சாமான் வாங்கிடுவாங்க. நம்மால ஒருத்தர் சாப்பாடு வீணாகக் கூடாதில்ல? இன்னிக்குக்கூட பதினொன்றரைக்கு 'நாளைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்'னு..."

அவர் வாய் அப்படியே நின்றது. 

"கடையில ஒரு பலகை இருக்குங்க" என்றார் செக்கர். "நாளைக்குத் தபால் நிலையத்துக்கும் பூஜ்யம், உங்களுக்கும் பூஜ்யம். சிவப்பு வட்டம் உங்க பூஜ்யத்துக்கு மட்டும்தான். முதல் தடவை அந்த முதலாளிக்குப் புரிஞ்சிருக்காது. ரெண்டாவது தடவை சந்தேகம் வந்திருக்கும். அதுக்கப்புறம் உங்க போன் வந்தாப் போதும், விளக்குமாத்தை எடுத்துடுவாரு."

"அந்த நாலு தடவையும்..." ஆணையர் விரலை மடக்கினார். "நாலு தடவையும் வீட்டுச் சாப்பாடு."

"உங்களை யாரும் விலைக்கு வாங்கல ஐயா. உங்க நேர்மையை ஓசியிலேயே வாங்கிட்டாங்க."

ஆணையர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார். "ஆஸ்பத்திரியில ரெண்டு பேரு கிடக்கிறாங்க" என்றார் தனக்குத்தானே. "அந்தப் பொண்ணு ஒன்பது நாளா பெஞ்சுல..."

ஸ்பீக்கர் மனசு இன்னும் இறங்கவில்லை. சபையில் பாதிப் பேர் இந்த மனிதரைக் கவிழ்க்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் கையெழுத்துப் போடாமல் திருப்பிய கட்டட வரைபடங்கள் அவ்வளவு. உண்மையைச் சொன்னால் இவர் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் பெஞ்சில் இருப்பவள் கதை முடியும். யாருக்குத் தெரியப் போகிறது? இந்த அறையில் மூன்றே பேர்.

செக்கர் புகார்ச் சீட்டு நாலையும் ஆணையர் முன்னால் வைத்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார். "வேலை குடுத்தது நீங்க. என் அறிக்கை உங்ககிட்ட மட்டும்தான். சபைக்கு என்ன போகணுங்கிறது உங்க இஷ்டம்" என்றார். அண்ணிக்குப் பைத்தியமா என்று ஸ்பீக்கருக்குத் தோன்றியது.

ஆணையர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். நீலப் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடினார். கறுப்புப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

நாலு மணிக்குச் சபை நிறைந்திருந்தது. ஸ்பீக்கரும் செக்கரும் கடைசி வரிசையில். தட்டச்சர் கதவோரம் நின்றாள். நகராட்சித் தலைவி தீர்மானத்தைக் கையில் எடுக்கும் முன்பே ஆணையர் எழுந்து தன் தாளைப் படித்தார். சுற்றி வளைக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. தெரியாமல் செய்தேன், ஆனால் செய்தது நான் என்றார். புகார்ச் சீட்டு நாலையும் மேஜையில் வைத்தார். கூட்டத்தில் யாரோ கெக்கலித்தார்கள். "யானைக்கும் அடி சறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இது தராசுக்கே சறுக்கியிருக்கு" என்று ஒரு குரல் வந்தது. ஆணையர் காது சிவந்தது, ஆனால் உட்காரவில்லை.

"இவங்க விளக்கத்தையும் படிச்சிடலாம்" என்று தலைவி உறையைப் பிரித்தார். உள்ளே ஒரே தாள். தலைவி முதலில் மனதுக்குள் படித்தார், பிறகு உரக்கப் படித்தார்.

"நான் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். ஆணையர் மேஜையில் வீட்டு டப்பா இருந்தால் அன்று மூலைக்கடையில் சோதனை என்பது இந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. கடைக்காரர் அதற்கும் முந்தின நாளே தெரிந்துகொள்வார். எப்படி என்று எழுத மாட்டேன். எழுதினால் வேண்டுமென்று செய்யாத ஒருவர் வேலை போகும். யார் சிபாரிசும் இல்லாமல் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் அவர். சபை எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்."

கெக்கலித்தவர்கள் குனிந்து தங்கள் மேஜையைப் பார்த்தார்கள். ஸ்பீக்கருக்குக் காலையில் அவளைப் பற்றிச் சொன்ன பூசணிக்காய் ஜோக் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அவள் மீதான தீர்மானம் ரத்தாயிற்று. ஆணையரை விசாரிக்க மூன்று பேர் குழு. அதுவரை அவர் பதவியில் இருக்கலாம், மூலைக்கடைச் சோதனையின் நாளை மட்டும் இனி சுகாதார ஆய்வாளர் முடிவு செய்வார், ஆணையரிடம் சொல்ல மாட்டார்.

நடைவழியில் ஆணையர் அவளை வழிமறித்தார். கும்பிட்டார். அவள் பதறிப் போய்ப் பின்வாங்கினாள்.

"ஏம்மா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்ககிட்ட தப்பு இருக்குன்னு உங்ககிட்டயே சொல்ல யாருக்கு சார் தைரியம் வரும்?"

ஆணையர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே சொல்லும்மா. தயவு செஞ்சு சொல்லு."

"இப்பவே ஒண்ணு சொல்லட்டுமா சார்?"

"சொல்லு."

"மூலைக்கடைக்குப் போன் பண்ணி, நாளைக்கும் சாப்பாடு வேணும்னு சொல்லுங்க. இனிமே ஒரு நாள்கூட வேண்டாம்னு சொல்லாதீங்க."

ஆணையர் யோசித்தார். நெற்றியில் கோடு விழுந்தது. "அது அவங்களை ஏமாத்துற மாதிரி ஆகாதா?"

"நீங்க நிஜமாவே சாப்பிடத்தானே சார் போறீங்க?"

"சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரி பக்கமும் ஒரு கண்ணு வச்சுக்குங்க ஐயா" என்றான் ஸ்பீக்கர். செக்கர் அவன் காலை மிதித்தார். அது புதிதாகத் தைத்த செருப்பு.

ஆணையர் நகராட்சித் தொலைபேசியைத் தாண்டிப் போய்த் தன் சொந்த போனை எடுத்தார். மறுமுனையில் மூலைக்கடை முதலாளியின் குரல் நடைவழி முழுக்கக் கேட்டது.

"ஐயா! என்னங்க ஐயா, நாளைக்குத்தான் வேண்டாம்னீங்களே?"

"வேணும். நாளைக்கும் வேணும், இனிமே தினமும் வேணும். ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம் ஐயா, ரொம்ப சந்தோஷம்!" போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. உள்ளே பார்த்து அவர் கத்தியதும் தெளிவாகவே கேட்டது. "டேய், போதும்டா! தேய்ச்சது போதும், விளக்குமாத்தைக் கீழ போடு!"